மேற்கோள் குறிக்குள் மாட்டிக்கொண்ட மல்லிகை

"பேக்ஸ்லாஷ்! பேக்ஸ்லாஷ் போடும்மா! சாதா ஸ்லாஷ் இல்ல, பின்பக்கமா சாயுற ஸ்லாஷ்!"

இப்படிக் கத்தியது நான்தான். சென்ற வாரம் வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணி. இடம் சிங்கப்பூர்த் தேக்கா சந்தையின் மீன் பகுதி. ஒரு கையில் இறால் பை, இன்னொரு கையில் போன், காலுக்குக் கீழே ஈரத்தரை. சுற்றி நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

கொடுவா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்த மீன்கடைக்காரர் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "என்னக்கா, புது மீனா? நம்ம கடைக்கு வந்ததே இல்லையே!"

அவருக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. போனின் மறுமுனையில், சாங்கியில் ஒரு சரக்கு அலுவலகத்தில், ரெஜினா என்ற பெண் விசைப்பலகையில் விரல்களை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவளுடைய வேலை போகுமா நிற்குமா என்பது அந்தச் சாய்ந்த கோட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. கூடவே, பெட்டி பெட்டியாக மல்லிகைப்பூவும்.

புரியவில்லையா? முதலிலிருந்து சொல்கிறேன்.

ரெஜினா எங்கள் சிராங்கூன் அடுக்குமாடி புளோக்கில் எனக்கு இரண்டு மாடி கீழே குடியிருப்பவள். வயது முப்பத்து நான்கு. மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். நல்ல கணீர்க் குரல். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது கண்ணில் ஏதோ நரம்புக் கோளாறு வந்து, ஒரே வருடத்தில் பார்வை முழுக்கப் போய்விட்டது. அதற்குப் பிறகு படிப்பை முடித்து, ஒரு கால் சென்டரில் சில ஆண்டுகள் வேலை பார்த்து, அந்த கால் சென்டரையே மூடிவிட்டதால் வீட்டில் இருந்தாள்.

எனக்கும் அவளுக்கும் லிஃப்ட் சிநேகம்தான். "குட் மார்னிங் ஆன்ட்டி" என்பாள். நான் வாயே திறந்திருக்க மாட்டேன். எப்படிக் கண்டுபிடிக்கிறாள் என்று ஒரு நாள் கேட்டதற்கு, "நீங்க சாவிக்கொத்தை ஆட்டிக்கிட்டே வருவீங்க" என்றாள். அன்றுதான் எனக்கே தெரியும்.

மூன்று வாரங்களுக்கு முன் அதே லிஃப்டில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, முன்னாடி யூனிக்ஸ் கம்ப்யூட்டர்ல வேலை பாத்ததா பேப்பர்ல எழுதியிருந்தீங்கல்ல? ஷெல் ஸ்கிரிப்ட் எல்லாம் எழுதுவீங்களாமே?"

உங்களுக்கு நினைவிருக்கலாம். வங்கிக் கம்ப்யூட்டர் அறையில் இருபத்தைந்து வருடம் குளிரில் நடுங்கிய கதையை இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அதை யாரும் படித்ததாகவே தெரியவில்லையே என்று நினைத்திருந்தேன். படித்த ஒருத்தி இதோ!

"எழுதுவேன்... எழுதினேன். ஆறு வருஷம் ஆச்சு. ஏன்?"

"எனக்கு ஒரு வேலை கிடைக்கப்போகுது ஆன்ட்டி. கிடைக்காமலும் போகலாம். உங்க கையிலயும் கொஞ்சம் இருக்கு."

லிஃப்ட் கீழே வந்து, கதவு திறந்து, மறுபடி மூடிவிட்டது. நாங்கள் இறங்கவே இல்லை.

விஷயம் இதுதான். சாங்கியில் ஒரு சின்னச் சரக்கு நிறுவனம். விமானத்தில் வரும் பொருள்களை விடுவித்துக் கடைகளுக்கு அனுப்பிவைக்கிறவர்கள். வாடிக்கையாளர்கள் அனுப்பும் மெயில்களைப் படித்துப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். நேர்முகத் தேர்வில் ரெஜினாவின் பேச்சு, ஆங்கிலம், தமிழ், மலாய் எல்லாம் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. கடைசியில், அவர்கள் பயன்படுத்தும் மெயில் பக்கத்தைத் திறந்து ஒரு மெயிலைப் படிக்கச் சொன்னார்கள்.

பார்வை இல்லாதவர்களின் கம்ப்யூட்டரில் ஸ்கிரீன் ரீடர் என்று ஒரு மென்பொருள் இருக்கும். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும். அந்தப் பக்கத்தைத் திறந்ததும் அது என்ன வாசித்தது தெரியுமா?

"பட்டன்... பட்டன்... பெயரில்லாத பட்டன்... படம்... பெயரில்லாத பட்டன்..."

ஒரு மெயிலைக் கண்டுபிடித்துத் திறப்பதற்குள் நான்கு நிமிடம் போய்விட்டதாம்.

"மேனேஜர் ஜோஸ்லின் நல்லவங்கதான் ஆன்ட்டி. மறைக்காம சொல்லிட்டாங்க. 'ஒரு வாரம் டிரையல் தர்றேன். யாரோட உதவியும் இல்லாம இன்பாக்ஸை நீயே பாத்துக்க முடியும்னா வேலை உனக்கு. பக்கத்துல ஒருத்தரை உக்கார வைக்க என்கிட்ட ஆள் இல்ல'ன்னு."

"சரி, அதுக்கு ஷெல் ஸ்கிரிப்ட் எதுக்கு?"

அப்போதுதான் அவள் முகம் மலர்ந்தது. "டெர்மினல்ல மெயில் படிக்கலாம் ஆன்ட்டி! கறுப்பு ஸ்கிரீன்ல, வெறும் எழுத்துல. அதுல பட்டனே கிடையாது! எழுத்துன்னா என் ஸ்கிரீன் ரீடர் புலி லா!"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. அந்தக் கறுப்புத் திரை எனக்குத் தெரியாதா? மவுஸ் இல்லை, படம் இல்லை, மின்னுகிற விளம்பரம் இல்லை. கட்டளையைத் தட்டினால் பதில் வரும், அவ்வளவுதான். கல்லூரிப் பிள்ளைகள் இன்று அதைப் பார்த்தால் கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பார்கள். அதை இவள் தேடிப் பிடித்திருக்கிறாள். பார்வையற்றவர்களின் இணையக் குழு ஒன்றில் யாரோ சொன்னார்களாம். இரண்டே நாளில் கையேடு முழுவதையும் கேட்டு முடித்துவிட்டாள். எந்த எழுத்தை அடித்தால் அடுத்த மெயில், எதை அடித்தால் பதில் எழுதலாம், எல்லாம் மனப்பாடம்.

இடித்த இடம் ஒன்றே ஒன்று: ஃபோல்டர்கள்.

சனிக்கிழமை மதியம் என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். அந்த நிறுவனத்தின் ஐடி ஆள் அனுமதி கொடுத்து, அலுவலக மடிக்கணினி ஒன்றில் எல்லா மெயிலும் அப்படியே இறங்கும்படி செய்து கொடுத்திருந்தார். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு ஃபோல்டர், ஒவ்வொரு விமானச் சேவைக்கும் ஒரு ஃபோல்டர், அவசரத்துக்கு ஒன்று, சண்டைக்கு ஒன்று... நாற்பது சொச்சம் இருந்தன.

டெர்மினல் மெயில் புரோகிராமுக்கு ஒரு குணம் உண்டு. எந்தெந்த ஃபோல்டரைக் கவனிக்க வேண்டும் என்று நாம் ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால், எதில் புது மெயில் வந்தாலும் சொல்லும். பட்டியலில் இல்லாத ஃபோல்டரில் மெயில் மலையாகக் குவிந்தாலும் திரும்பிப் பார்க்காது.

"கையால எழுதிடலாமே?" என்றேன்.

"ஆபீஸ்ல தினம் யாராச்சும் புதுசா ஒண்ணு உண்டாக்குவாங்க ஆன்ட்டி. பழசை அழிப்பாங்க. பேரை மாத்துவாங்க. நான் தினமும் யாரையாவது 'இன்னைக்கு என்ன புது ஃபோல்டர்?'னு கேட்டுக்கிட்டு இருக்கணுமா?"

கேட்டால் அது உதவி. உதவி கேட்டால் வேலை இல்லை!

ஆகவே ஸ்கிரிப்ட். மெயில் இறங்கும் இடத்துக்குப் போய், அங்கே என்னென்ன ஃபோல்டர் இருக்கிறது என்று பார்த்து, பட்டியலைத் தானே எழுதித் தரும் ஒரு சின்னப் புரோகிராம். மெயிலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரும். நேற்று இல்லாத ஃபோல்டர் இன்று இருந்தால் பட்டியலில் சேர்ந்துவிடும்.

ஆறு வருடம் கழித்து ஷெல் ஸ்கிரிப்ட்! விரல்கள் பரபரத்தன. அரை மணி நேரத்தில் எழுதி முடித்து, "ஓட்டிப் பாரு" என்று மடிக்கணினியை அவள் பக்கம் தள்ளினேன். என் முகத்தில் இருந்த பெருமையை அவள் பார்க்கவில்லை. நல்லவேளை.

ஸ்கிரீன் ரீடர் கடகடவென்று வாசித்தது. எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை, அவ்வளவு வேகம். ரெஜினா தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு சிரித்தாள்.

"ஆன்ட்டி, 'ஃபிளவர்'னு ஒரு ஃபோல்டர், 'இம்போர்ட்ஸ்'னு ஒரு ஃபோல்டர் இருக்குதாம். ரெண்டுமே காலியாம்."

"அது ஒரே ஃபோல்டர்தானே? ஃபிளவர் இம்போர்ட்ஸ்?"

"அதான். நடுவுல இருக்குற இடைவெளியில உங்க ஸ்கிரிப்ட் வெட்டிடுச்சு."

திரையைப் பார்த்தேன். வரிகள் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலத்தான் தெரிந்தன. கண் அவற்றைச் சேர்த்துப் படித்துக்கொண்டு போய்விடுகிறது. இரண்டு பெயருக்கும் நடுவில் ஒரு மூச்சு விழுந்ததை அவள் காது பிடித்துவிட்டது!

ஒவ்வொரு பெயரையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்தேன். உள்ளே எத்தனை இடைவெளி இருந்தாலும் அது ஒரே பெயர் என்று அர்த்தம். மறுபடி ஓட்டினோம். இந்த முறை சரி.

"இன்னொண்ணு ஆன்ட்டி. இப்ப ஏ, பி, சி வரிசையில வருது. எனக்கு அது வேணாம். பூ, மீன், மருந்து, இதெல்லாம் முதல்ல வரணும். கெட்டுப்போறது முன்னாடி. இரும்புச் சாமான் காத்திருக்கும்."

இருபத்தைந்து வருடம் இந்தத் துறையில் இருந்த எனக்கு இது தோன்றவில்லை. வேலைக்கே இன்னும் சேராதவளுக்குத் தோன்றுகிறது. எழுதினேன். ஃபோல்டரின் பெயரில் அந்தச் சொற்கள் இருந்தால் மேலே, மற்றவை கீழே.

கடைசியாக ஒரு முறை ஓட்டினாள். பூ ஃபோல்டருக்குள் போனாள். முதல் மெயில், இரண்டாவது, மூன்றாவது... விரல் தட்டத் தட்டக் குரல் வாசித்துக்கொண்டே போயிற்று. ஒரு பதிலும் எழுதிப் பார்த்தாள். அப்புறம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, ஏதாச்சும் தப்பா?"

"இல்ல ஆன்ட்டி. இவ்வளவு நாள் நான் மெயிலைத் தேடிக்கிட்டே இருந்தேன். இப்பதான் படிக்கிறேன்."

காப்பி போடுகிறேன் என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டேன். எனக்கு அப்போது அங்கே அவசரமாக வேலை இருந்தது.

திங்கட்கிழமை டிரையல் தொடங்கியது. மதியம் ஒரு குரல் செய்தி: "ஆன்ட்டி, ஓகே!" செவ்வாய்: "ஆன்ட்டி, டபுள் ஓகே!" புதன் மாலை லிஃப்டில் பார்த்தேன். ஜோஸ்லின் அவள் மேசைப் பக்கம் வந்து, காலியாக இருந்த அவசர ஃபோல்டரைப் பார்த்துவிட்டு, "நாட் பேட் லா" என்றாராம். அதைச் சொல்லும்போது ரெஜினா இரண்டு கையாலும் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு குதிக்காத குறைதான். நானும்தான். ஆறு வருடமாக மூலையில் கிடந்த என் மூளை ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறதே!

வியாழன் வந்தது.

மீன்கடையில் நின்றுகொண்டிருக்கும்போது போன். அலுவலக நேரத்தில் அவள் என்னை அழைத்ததே இல்லை.

"ஆன்ட்டி, இன்னைக்கு பூ மெயில் ஒண்ணுகூட வரல."

"நல்லதுதானே? வேலை கம்மி."

"இல்ல ஆன்ட்டி. பூ வராத நாளே கிடையாது. இப்ப லிட்டில் இண்டியாவுல இருந்து பூக்கடைக்காரர் ஒருத்தர் போன் பண்ணாரு. ரெண்டு மெயில் போட்டேன், ஏன்மா பதிலே இல்லைன்னு கத்துறாரு. மல்லிகை இறங்கிடுச்சாம். ஏதோ பேப்பர் தப்புன்னு நிறுத்தி வெச்சிருக்காங்களாம். சாயங்காலம் ஒரு கல்யாணத்துக்கு மாலை கட்டணுமாம்."

"ரெஜினா, யாரையாவது கூப்பிட்டு அந்த மெயில் பக்கத்துல பாக்கச் சொல்லு. டிரையல் கிடக்கட்டும். பூ வாடிடும்."

"அதைத்தான் முதல்ல செய்யப் பாத்தேன் ஆன்ட்டி. எல்லாரும் கிடங்குல இருக்காங்க. பெரிய சரக்கு ஒண்ணு வந்திருக்கு. ஜோஸ்லின் மீட்டிங்ல. ஆபீஸ்ல நான் மட்டும்தான். யாரும் போனை எடுக்கல."

நான் இறால் பையை இடுக்கிக்கொண்டு ஒரு தூண் பக்கம் ஒதுங்கினேன்.

"புதுசா ஃபோல்டர் ஏதாச்சும் இருக்கா?"

"இருக்கு ஆன்ட்டி. 'ஹோல்ட் அர்ஜெண்ட் ஃபிளவர்ஸ்'னு ஒண்ணு. நேத்து சாயங்காலம் யாரோ உண்டாக்கியிருக்காங்க. காலையிலேயே கேட்டேன். காலின்னு சொல்லுது."

பூ மெயில் எல்லாம் தானாக அதில் விழும்படி செய்திருப்பார்கள். பூ அங்கேதான் இருக்க வேண்டும். ஆனால் காலி. ஸ்கிரிப்ட் அதைப் பார்த்திருக்கிறது, பட்டியலிலும் சேர்த்திருக்கிறது. அப்புறம் ஏன் காலி?

"மெயில் புரோகிராமை விட்டு வெளியே வா. மெயில் இறங்குற இடத்துல என்ன பேரு இருக்குன்னு நேரா பாரு. அந்தப் பேரை மட்டும் எழுத்தெழுத்தா வாசிக்க வை."

போனின் வழியாக அந்தக் குரல் எனக்கும் கேட்டது. எச்... ஓ... எல்... டி... ஸ்பேஸ்... கோட்...

"ஆன்ட்டி! கோட்! டபுள் கோட் இருக்கு! 'அர்ஜெண்ட்' முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு!"

அடக் கடவுளே. அவசரம் என்பதை அழுத்திச் சொல்வதற்காக யாரோ ஒரு புண்ணியவான் அந்தச் சொல்லுக்கு மட்டும் மேற்கோள் குறி போட்டிருக்கிறார். காய்கறிக் கடைப் பலகையில் "புதிய" தக்காளி என்று எழுதுவார்களே, அதுபோல. ஸ்கிரீன் ரீடர் சாதாரணமாக வாசிக்கும்போது அந்தக் குறிகளைச் சொல்வதில்லை.

நாங்களோ எல்லாப் பெயரையும் மேற்கோள் குறிக்குள் வைத்திருக்கிறோம். பெயருக்கு உள்ளேயே மேற்கோள் குறி வந்தால்? புரோகிராம் குழம்பிவிடும். குறிகளை எல்லாம் உரித்துப் போட்டுவிட்டு, வெறும் 'ஹோல்ட் அர்ஜெண்ட் ஃபிளவர்ஸ்' என்ற ஃபோல்டரைத் தேடும். அப்படி ஒன்று உலகத்தில் இல்லை. இல்லை என்று சண்டை போட்டாலாவது நமக்குத் தெரியும். அது சாதுவாக, காலி என்று சொல்லிவிடுகிறது.

தப்பு யாருடையது? குறி போட்டவருடையதா? இல்லை. என்னுடையது. மனிதர்கள் பெயரில் எதை வேண்டுமானாலும் எழுதுவார்கள் என்பது ஸ்கிரிப்ட் எழுதுகிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தீர்வு சின்னது. பெயருக்குள் வரும் ஒவ்வொரு மேற்கோள் குறிக்கும் முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ். 'இதுவும் பெயரில் சேர்ந்ததுதான், வெட்டாதே' என்று அர்த்தம். அதற்கு ஸ்கிரிப்டில் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரி முழுவதும் புள்ளியும் கோடும்தான். அதை போனில், மீன் வெட்டும் சத்தத்துக்கு நடுவில் சொல்லிப் பாருங்கள்!

"எஸ்... அப்புறம் ஸ்லாஷ்... சாதா ஸ்லாஷ்... இப்ப டபுள் கோட்... மறுபடி ஸ்லாஷ்..."

"அடுத்து பேக்ஸ்லாஷா ஸ்லாஷா ஆன்ட்டி?"

அங்கேதான் நான் கத்தியது.

"ரெண்டு தடவை! பேக்ஸ்லாஷ் ரெண்டு தடவை!"

"அக்கா, ரெண்டு கிலோவா?" என்றார் மீன்கடைக்காரர். விளையாட்டுக்குக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

போனில் விசைகளின் சத்தம். பிறகு அந்தக் கடகடக் குரல். இந்த முறை எனக்கே ஒரு சொல் பிடிபட்டது: "த்ரீ."

"மூணு இருக்கு! மூணு மெயில் இருக்கு ஆன்ட்டி! வெச்சிடுறேன்!"

தொடர்பு துண்டிக்கப்பட்டது. அவ்வளவுதான். நான் தேக்காவில் இறாலோடு நிற்கிறேன். சாங்கியில் என்ன நடக்கிறது? தெரியாது. திரும்ப அழைக்கலாமா? கூடாது, அவள் வேலை பார்க்கட்டும். காத்திருப்பதைவிடக் கொடுமை, கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானித்துவிட்டுக் காத்திருப்பது.

சிராங்கூன் சாலைப் பக்கம் நடந்தேன். ஒரு பூக்கடையில் சாமந்தியும் ரோஜாவும் தொங்கின. மல்லிகைச் சரம் தொங்கும் கம்பி காலியாக இருந்தது.

"மல்லி இல்லையா?" என்று கேட்டேன்.

"இன்னும் வரலைம்மா. காலையில இருந்து இதோ அதோன்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க" என்றார் கடைப் பெண்மணி.

அது ரெஜினாவின் பூதானா, வேறு யாராவது இறக்கும் பூவா, எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் காலிக் கம்பியைப் பார்த்ததும், நானே திருடிக்கொண்டு போனவள்போல அங்கிருந்து நகர்ந்துவிட்டேன்.

பதினொன்றே கால் மணிக்கு ரயிலில் இருந்தபோது செய்தி வந்தது. ஒரே சொல்: "ரிலீஸ்ட்."

ரயிலுக்குள் "ஆ!" என்று சத்தம் போட்டுவிட்டேன். எதிரில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு சீனப் பெரியவர் விழித்துக்கொண்டார்.

மாலையில் வீட்டுக்கு வந்து முழுக் கதையையும் சொன்னாள். அந்த மூன்று மெயில்களில் ஒன்று, சரக்கை நிறுத்தி வைத்தவர்களிடமிருந்து வந்தது. விமானச் சரக்குச் சீட்டில் ஓர் எண், விலைப்பட்டியலில் ஓர் எண், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று எழுதியிருந்தார்கள். பூக்கடைக்காரர், 'ரெண்டும் ஒண்ணுதான், நல்லா பாருங்க' என்று சண்டை போட்டிருந்தார். ரெஜினா இரண்டு எண்ணையும் அடுத்தடுத்து வாசிக்க வைத்துக் கேட்டாள். ஓரிடத்தில் ஏழு நாலு. இன்னோர் இடத்தில் நாலு ஏழு. சென்னையில் தட்டச்சு செய்தவர் இடம் மாற்றிப் போட்டுவிட்டார். உடனே சென்னைக்கு போன் போட்டுத் தமிழில் பேசி, திருத்திய தாளை வாங்கி அனுப்பி, மல்லிகையை விடுவித்துவிட்டாள். யாரும் கிடங்கிலிருந்து திரும்புவதற்கு முன்பே.

"அப்படின்னா வேலை உனக்குத்தான்!" என்றேன்.

"நாளைக்கு ஜோஸ்லின்கிட்ட ஒண்ணு சொல்லணும் ஆன்ட்டி. உங்களை போன்ல கூப்பிட்டேன்னு."

"எதுக்கு? யாருக்குத் தெரியப்போகுது?"

"யாரோட உதவியும் இல்லாமன்னு சொன்னாங்கல்ல. நான் உதவி கேட்டேன். அது எனக்குத் தெரியுமே."

நான் வாதாடிப் பார்த்தேன். 'ஸ்கிரிப்ட் என் தப்பு, அதை நானே திருத்தினேன், அது எப்படி உதவி ஆகும்?' என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள். ஒப்புக்கொள்ளவில்லை. அவள் போன பிறகு, வேண்டாத வேலை பார்த்த ஸ்கிரிப்டையும், அதை எழுதியவளையும் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பகல் முழுக்கச் சத்தமே இல்லை. ஐந்தரை மணிக்கு வாசலில் அழைப்பு மணி. கதவைத் திறந்தால் ரெஜினா. முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"சொன்னியா?"

"சொன்னேன் ஆன்ட்டி. மீட்டிங் ரூம்ல எல்லாத்தையும் சொன்னேன். கோட், பேக்ஸ்லாஷ், நீங்க மீன் சந்தையில நின்னது, எல்லாம்."

"அதுக்கு?"

"கேட்டாங்க: 'ரெஜினா, என் லேப்டாப் மக்கர் பண்ணா நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஐடிக்கு போன் பண்றேன் தெரியுமா? அதை இந்த ஆபீஸ்ல யாராச்சும் உதவின்னு சொல்லியிருக்காங்களா? அதுக்குப் பேரு சப்போர்ட். உனக்கும் இருக்கட்டும். மண்டே காலையில வா, லெட்டர்ல கையெழுத்துப் போடலாம்.'"

வாசலிலேயே அவளைக் கட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. குரைக்கட்டும்!

அன்றிலிருந்து ஜோஸ்லின் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிரிண்டரில் தாள் சிக்கினால் ஆள் வருகிறார். பாஸ்வேர்டு மறந்தால் ஆள் வருகிறார். கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறோம், கால்குலேட்டரில் கூட்டுகிறோம், வழி தெரியாவிட்டால் போனைக் கேட்கிறோம். இதை எல்லாம் நாம் வசதி என்கிறோம். அதையே ரெஜினா கேட்டால் மட்டும் அதன் பெயர் உதவி ஆகிவிடுகிறது. அப்புறம் அந்த உதவி இல்லாமல் செய்து காட்டு என்று பரீட்சை வேறு! நாற்பது ஃபோல்டர்களில் எது முதலில் வர வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். இடைவெளியைப் பிடித்தவள் அவள். இடம் மாறிய எண்ணைப் பிடித்தவளும் அவள்தான். நான் போட்டது ஒரு சாய்ந்த கோடு.

நம்மைச் சுற்றி எத்தனை வேலைகள், எத்தனை மனிதர்களுக்கு, பெயரில்லாத பட்டன்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கின்றன? அந்தப் பட்டன்களுக்கு ஒரு பெயர் வைத்திருந்தால் போதுமே. செய்தவருக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்... ஒரு நிமிடம்?

திங்கட்கிழமை ரெஜினா கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

வேலை உறுதியானதும் அவள் செய்த முதல் காரியம், என் ஸ்கிரிப்டை அழித்துவிட்டு, அதில் பாதி நீளத்தில் தானே புதிதாக ஒன்று எழுதியது. என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்று நான் இங்கே ஒப்புக்கொள்வதாக இல்லை!